போஹோ அறையும் சாயவேர்ச் சிவப்பும்

சென்னையில் புதிதாகக் குடியேறிய என் அண்ணன் மகள், தன் படுக்கையறையைப் ‘போஹோ’ பாணியில் அமைக்கப்போவதாகக் கூறி எனக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். தரையை ஒட்டிய தாழ்ந்த கட்டில், ஒன்றோடொன்று பொருந்தாத தலையணை உறைகள், முடிச்சிட்ட பருத்திக் கயிற்றில் ஒரு சுவர்த் தொங்கல், பிரம்பு நாற்காலி, மூலையில் தொட்டிச் செடி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டிலின்மீது விரிக்கப் பூவேலைப்பாடு நிறைந்த பெரிய சிவப்பு விரிப்பு. பின்னர்த் தொலைபேசியில் அழைத்தாள். “பார்த்தா ஒழுங்கே இல்லாத மாதிரி இருக்கணும் சித்தப்பா, ஆனா அழகா இருக்கணும். அது சரி, போஹோன்னா என்ன? தமிழ்ல எப்படிச் சொல்றது?”

பொஹீமியா என்பது ஒரு நாட்டின் பெயர் என்று அப்போதைக்குச் சொல்லிவைத்தேன். வகுப்பறையில் மாணவர் திடீரென்று கேட்கும் கேள்விக்கு ஆசிரியர் சொல்லித் தப்பிக்கும் அரை விடை அது. மீதி அரை விடையைத் தேடிச் சென்றபோது, அந்தப் பட்டியலின் இறுதியில் இருந்த சிவப்பு விரிப்பு என்னை எங்கெங்கோ அழைத்துச் சென்று, கடைசியில் நம் கடற்கரையிலேயே கொண்டுவந்து விட்டது.

பொஹீமியா இன்றைய செக் குடியரசின் மேற்குப் பகுதி. ஆனால் ‘பொஹீமிய’ வாழ்க்கைக்கும் அந்த மண்ணுக்கும் தொடர்பில்லை. 1427ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் வாயிலில் ஒரு நாடோடிக் கூட்டம் வந்து நின்றது. இத்தகைய கூட்டங்கள் அக்காலத்தில் ஐரோப்பிய ஆட்சியாளர்கள் வழங்கிய பாதுகாப்புக் கடிதங்களோடு ஊர் ஊராகச் சென்றன. பிரெஞ்சு மக்கள் அவர்களைப் பொஹீமியாவிலிருந்து வந்தோர் என்று கருதி ‘பொஹேமியேன்’ என அழைத்தனர். ஆங்கிலேயரோ அவர்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என நினைத்தனர். ‘ஜிப்ஸி’ என்னும் சொல் அதிலிருந்து பிறந்தது. இரண்டுமே பிழை. அம்மக்கள் ரோமாக்கள். அவர்தம் மொழி இந்திய மொழிகளோடு உறவுடையது என்பதை 1780களில் ஜெர்மானிய அறிஞர்கள் எழுதினர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே பெயர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள் என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தி.

ஊர் அறியாதவனைப் பிற நாட்டான் என்று அழைத்து, அந்தச் சொல்லையே நாளடைவில் வசையாக்கிவிடும் வழக்கம் பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. நம் ‘பரதேசி’யை எண்ணிப் பாருங்கள். பிற தேசத்தவன் என்னும் பொருளில் புறப்பட்ட சொல், துறவியாகி, பிச்சைக்காரனாகி, தெருச் சண்டையில் வந்து முடிந்திருக்கிறது. ‘பொஹேமியேன்’ சென்ற வழியும் ஏறக்குறைய இதுவே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாரிஸ் எழுத்தாளர்கள் அந்த வசைச் சொல்லை விரும்பி எடுத்துத் தம் தலையில் சூட்டிக்கொண்டனர். சொல்லுக்கு உரிய மக்கள் தெருவிலேயே நின்றனர்.

உண்மையான பொஹீமியாவில் அவர்களுக்கு நேர்ந்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நாஜி ஆக்கிரமிப்பின்போது, 1942 முதல் 1943 வரை, பொஹீமியாவின் தென்பகுதியில் லெட்டி என்னும் ஊரில் ரோமாக்களுக்கென ஒரு முகாம் நடந்தது. குழந்தைகள் உட்பட முந்நூறுக்கும் மேற்பட்டோர் அங்கேயே மடிந்தனர். எஞ்சியோருள் பெரும்பாலோர் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். செக் நிலப்பகுதியில் வாழ்ந்த ரோமாக்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு அழிக்கப்பட்டனர். போருக்குப் பின் அந்த முகாம் இருந்த இடத்தில் பெரும் பன்றிப் பண்ணை ஒன்று எழுந்தது. அரசு அதனை விலைக்கு வாங்கி இடித்து, 2024இல்தான் அங்கே நினைவகம் திறக்கப்பட்டது. அறை அலங்கார இதழ்கள் ‘பொஹீமியச் சுதந்திரம்’ என்று எழுதும்போது இந்த வரலாற்றை எதிர்பார்ப்பது நியாயமாகாதுதான். ஆயினும் எனக்கு அந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் இப்போது லெட்டி நினைவுக்கு வருகிறது.

சொல்லைக் கலைஞர்களின் சொல்லாக ஊரறியச் செய்தவர் ஆன்றி மூர்ஜேர். 1822இல் பிறந்தவர், தையற்காரரின் மகன். வாடகை கொடுக்க இயலாத ஓவியர், கவிஞர், இசைஞர், அவர்தம் காதலியர் ஆகியோரின் கதைகளை 1845 முதல் ஒரு சிற்றிதழில் எழுதிவந்தார். 1849இல் அவை நாடகமாகி வெற்றி பெற்றன, 1851இல் நூலாயின. 1896இல் புச்சீனி அவற்றை இசை நாடகமாக்கியபின் உலகமே அந்த மாடி அறைகளுக்குள் எட்டிப் பார்த்தது.

அந்த அறைகள் எப்படி இருந்தன? பாரிஸின் அடுக்கு வீடுகளில் மின்தூக்கி வருவதற்கு முன், மேலே ஏற ஏற வாடகை குறையும். கூரைக்கு அடியில், சரிந்த சுவருடன், கோடையில் அனலாகவும் குளிரில் பனிக்கட்டியாகவும் இருக்கும் அறையே ஏழைக்கு வாய்த்தது. தாழ்ந்த கூரையும் தரையோடு கிடக்கும் படுக்கையும் அங்கே எவரும் தேர்ந்தெடுத்த பாணியல்ல. மூர்ஜேரின் கதையில் கவிஞன் தன் நாடகக் கையெழுத்துப்படியை எரித்துக் குளிர்காய்கிறான். அதைவிட எனக்குப் பிடித்தது ஓவியன் மார்செல் வாடகை அறைக்கு வரும் காட்சி. அவனிடம் தட்டுமுட்டுச் சாமான் எதுவும் இல்லை. அரண்மனை உள்மாடம் ஒன்றை எழுதிய நாடகத் திரைதான் இருக்கிறது. அதுவே அவன் சாமான்! பொஹீமிய அறை அலங்காரத்தின் தொடக்கம் எது என்று என்னைக் கேட்டால் அந்தத் திரையைத்தான் காட்டுவேன். இல்லாத கட்டிலுக்குப் பதிலாகக் கட்டிலின் படம்.

மூர்ஜேர் அந்த வாழ்க்கையைப் போற்றிப் பாடியவர் அல்லர் என்பது அவரது முன்னுரையைப் படித்தால் விளங்கும். அவ்வழி கலைக் கழகத்தில் முடியலாம், தரும மருத்துவமனையில் முடியலாம், பிணவறையிலும் முடியலாம் என்னும் கருத்தை அவர் எழுதியுள்ளார். தாமே 1861இல், முப்பத்தெட்டாம் வயதில் இறந்தார்.

வான்கோவின் படுக்கையறை ஓவியம் பலரும் அறிந்தது. 1888 அக்டோபரில் ஆர்ல் நகரின் மஞ்சள் வீட்டில் எழுதியது. மறு ஆண்டு மேலும் இருமுறை அதனையே எழுதினார். பார்ப்பவர் மனத்தில் ஓய்வு தோன்ற வேண்டும் என்பது அவர் நோக்கம். இன்று நீலமாகத் தெரியும் சுவர் முதலில் ஊதா நிறமாக இருந்தது என்றும், சாயத்தின் சிவப்பு வெளுத்துப்போய் நீலம் எஞ்சியது என்றும் ஆய்வாளர்கள் கண்டிருக்கின்றனர். (சாயம் வெளுக்கும் செய்தியைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) அந்த வீடும் இன்று இல்லை, 1944இல் குண்டுவீச்சில் சேதமுற்றது.

வறுமையின் அறை, விரும்பி அமைக்கும் அறையாக மாறிய இடத்தைப் பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள சார்ல்ஸ்டன் பண்ணை வீட்டுக்குச் செல்ல வேண்டும். வர்ஜீனியா வுல்ஃபின் தமக்கையும் ஓவியருமான வனெஸ்ஸா பெல் 1916இல் அங்கே குடிபுகுந்தார். உடன் வந்தோர் ஓவியர் டங்கன் கிராண்ட், எழுத்தாளர் டேவிட் கார்னெட், வனெஸ்ஸாவின் இரு மகன்கள். அவர்கள் கிராமத்துக்கு வந்ததற்குக் காரணம் இயற்கை விருப்பமன்று; போர். அவ்வாண்டு இங்கிலாந்தில் கட்டாயப் படைச்சேர்ப்பு வந்தது. கிராண்ட், கார்னெட் இருவரும் போரிட மறுத்தவர்கள். சிறை செல்லாதிருக்க வேண்டுமாயின் வேளாண் வேலை செய்தாக வேண்டும். வேலை கிடைத்த பண்ணைக்கு அருகில் கிடைத்தது அந்த வீடு. குளிர் மிகுந்தது, மின்சாரம் இல்லை.

சொந்த வீடும் அன்று, வாடகை வீடு. ஆயினும் வந்த சில மாதங்களிலேயே சுவர், கதவு, அலமாரி, கணப்படுப்பு, கட்டில் என்று கையில் அகப்பட்ட பரப்பெல்லாம் வண்ணம் தீட்டத் தொடங்கினர். வனெஸ்ஸாவின் படுக்கையறைச் சன்னலின் மேற்புறம் கிராண்ட் ஒரு சேவலை எழுதினார். கீழ்ப்புறம் ஒரு நாயை எழுதினார். சேவல் காலையில் எழுப்புவதற்கு, நாய் இரவில் காவல் இருப்பதற்கு! கட்டில் ஒன்றின் பலகையில் கனவுகளின் கிரேக்கத் தெய்வமான மார்ஃபியஸின் தலை எழுதப்பட்டது. பழைய கடைகளில் வாங்கியவை, வீட்டிலிருந்து கொண்டுவந்தவை, தாமே தைத்தவை என எதுவும் எதனோடும் பொருந்தாத பொருள்கள் ஒரே அறையில் கூடின. இன்று ‘போஹோ’ என்று விற்கப்படும் தோற்றத்தின் நெருங்கிய மூதாதை இதுவே என்பது என் கருத்து. 1919இல் கெய்ன்ஸ் வெர்சாய் உடன்படிக்கையைக் கண்டித்து எழுதிய புகழ்பெற்ற நூலை எழுதியதும் இவ்வீட்டின் ஒரு படுக்கையறையில் இருந்துதான்.

அந்த அறைகளின் தளர்ந்த அழகைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு பெண்களைக் கடந்துசென்று விடுகின்றனர். ஒருவர் ஆஞ்செலிக்கா. வனெஸ்ஸாவுக்கும் கிராண்டுக்கும் 1918 கிறிஸ்துமஸ் நாளில் அதே வீட்டில் பிறந்தவர். ஆனால் வனெஸ்ஸாவின் கணவர் கிளைவ் பெல்லின் மகளாகவே வளர்க்கப்பட்டார். உண்மை அவருக்குச் சொல்லப்பட்டது வயது வந்த பின்னரே. 1984இல் அவர் வெளியிட்ட தன்வரலாறு கனிவால் ஏமாற்றப்பட்டதைப் பற்றியது. சுவரில் எதையும் மறைக்காமல் எழுதிய வீட்டில் ஒரு குழந்தையின் தந்தை பெயர் மட்டும் மறைத்துவைக்கப்பட்டிருந்தது.

மற்றொருவர் கிரேஸ் ஹிகன்ஸ். 1920இல் இளம்பெண்ணாக வனெஸ்ஸாவிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அக்குடும்பத்துக்குச் சமைத்தார், கூட்டினார், படுக்கை விரித்தார். அவருடைய நாட்குறிப்புகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஒழுங்கின்மையை அழகாக வைத்திருக்க ஒழுங்கான உழைப்பு ஒன்று நாள்தோறும் தேவைப்படுகிறது; சார்ல்ஸ்டனில் அந்த உழைப்புக்குப் பெயர் கிரேஸ். அவருக்காவது பெயர் எஞ்சியது. 1986 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் அவ்வீட்டின் சமையலறையில் அவர் நினைவாக ஒரு பதிகல்லும் உண்டு.

பெயர் எஞ்சாதவர்களைப் பற்றிச் சொல்வதற்காகவே இவ்வளவு தூரம் வந்தேன். அண்ணன் மகளின் பட்டியலில் இருந்த அந்தப் பூ விரிப்புக்கு ஆங்கிலத்தில் ஒரு பழம்பெயர் உண்டு: பாலம்போர். ‘பலங்போஷ்’ என்னும் சொல்லின் திரிபு. கட்டிலை மூடுவது என்று பொருள். நடுவில் ஒரு மரம், அதன் கிளைகளில் உலகில் எங்குமே பூக்காத பூக்கள், அடியில் பாறை, சுற்றிலும் கரை. மசூலிப்பட்டினம் முதல் பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் வரை விரிந்த சோழமண்டலக் கடற்கரையிலிருந்து பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இவை ஐரோப்பியப் படுக்கையறைகளுக்குக் கப்பலேறின. நாம் ‘சீட்டித்துணி’ என்பதும் ஆங்கிலேயர் ‘சின்ட்ஸ்’ என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. 1663இல் இலண்டன் நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் தம் மனைவியின் அறைச் சுவரை மூட இத்தகைய துணி ஒன்றை வாங்கியதாகக் குறித்திருக்கிறார்.

இத்துணியின் சிறப்பு நிறத்தில் இருந்தது. துவைத்தாலும் போகாத சிவப்பு. அக்கால ஐரோப்பியச் சாயக்காரர்களுக்குப் பருத்தியில் இவ்வாறு சிவப்பெழுதத் தெரியாது. பிரெஞ்சு ஏசுசபைத் துறவி கேர்து 1742இல் காரைக்காலிலிருந்து எழுதிய நீண்ட கடிதத்தில் இதன் செய்முறையை வெளியிட்டார். தம்மிடம் கிறித்தவராகியிருந்த தொழிலாளர்களிடம் கேட்டு அறிந்தது அது. (சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை வில்லியம் ஜோன்ஸுக்கு முன்பே 1760களில் எழுதியவர் என்று மொழியியல் மாணவர் அறிந்த அதே கேர்து. மொழியின் வேரையும் சாயத்தின் வேரையும் ஒருவரே தோண்டியிருக்கிறார்!)

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளுத்த துணியைக் கடுக்காய் அரைத்துக் கலந்த எருமைப்பாலில் தோய்த்து உலர்த்த வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பிடிக்கும். பாலின் கொழுப்பு, எழுதிய கோடு பரவாமல் காக்கும். ஊசியால் துளையிட்ட தாளின்மீது கரித்தூளைத் தட்டி உருவரையைத் துணிக்கு மாற்றுவர். இரும்பைப் புளித்த நீரில் ஊறவைத்துப் பெற்ற நீர்மத்தால் கருங்கோடு எழுதுவர். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத் தீட்டுவர். பின்னர்த் துணி முழுவதையும் சாயவேர் இட்ட நீரில் கொதிக்கவைப்பர். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். பிற இடங்களில் ஒட்டிய நிறம் சாணநீரில் அலசி வெயிலில் காயவைக்க வெளுத்துப் போகும். அடுத்து, நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி, அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர். மெழுகை உருக்கி எடுத்துவிட்டு மீண்டும் எழுத்து, மீண்டும் கொதிப்பு. பச்சை வேண்டுமானால் நீலத்தின்மேல் மஞ்சள் தீட்ட வேண்டும். அந்த மஞ்சள் மட்டும் நிலைக்காது. அருங்காட்சியகப் பாலம்போர்களில் இலைகள் நீலமாக இருப்பதன் காரணம் அதுவே.

சாயவேர் நம் ஊர்க் கடலோர மணலில் விளையும் சிறு செடி. இம்பூறல் என்றும் பெயர். இராமநாதபுரக் கரையிலும், இலங்கையின் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலும் தோண்டி எடுத்தனர். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் ‘சே ரூட்’ என்னும் பெயர் நம் சாயத்திலிருந்து சென்றதுதான்.

கட்டிலுக்கு மேலே எழுதிய துணி நமக்குப் புதிதன்று என்பதற்கு நெடுநல்வாடை சான்று. நாற்பது வயதுடைய போர்யானையின் தந்தத்தால் இயன்ற கட்டிலை அத்தனை விரிவாக வருணிக்கும் நக்கீரர், அதன் மேற்கட்டியில் மெழுகு பூசிய துணி இருந்ததாகவும், அதில் இராசிகளும், திங்களைப் பிரியாத உரோகிணியும் எழுதப்பட்டிருந்ததாகவும் கூறுகிறார். தலைவனைப் பிரிந்த அரசி அந்த உரோகிணியைப் பார்த்துப் பெருமூச்செறிகிறாள். அந்த மெழுகும் கலம்காரி மெழுகும் ஒரே வேலைக்கு உரியவை என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் மெழுகும் துணியும் ஓவியமும் கட்டிலும் ஒருசேர வரும் அந்த இடத்தை இனி வகுப்பில் விரைந்து கடக்க என்னால் இயலாது.

ஐரோப்பிய நெசவாளர்க்கு இத்துணி வயிற்றிலடித்தது. பிரான்சு 1686இல் தடை விதித்தது; 1759 வரை தடை நீடித்தது. இங்கிலாந்தில் 1700இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல், 1719இல் இலண்டன் நெசவாளர்கள் சீட்டி உடுத்திய பெண்களைத் தெருவில் தாக்கினர். 1721இல் வந்த அடுத்த சட்டம் உடையோடு நில்லாமல் கட்டில், நாற்காலி, திண்டு ஆகியவற்றிலும் எழுதிய பருத்தித் துணி கூடாது என்றது. படுக்கையறைக்குள் நுழைந்த சட்டம்! வேலையிழந்த இலண்டன் நெசவாளியின் பசியையும் நான் குறைத்து எண்ணவில்லை.

இச்சட்டங்களின் நிழலில் ஒரு கட்டில் உண்டு. இங்கிலாந்தின் தலைசிறந்த நடிகர் டேவிட் காரிக்குக்கு, நாடகம் நடத்த உதவியதற்கு நன்றியாகக் கல்கத்தாவிலிருந்த ஆங்கிலேய நண்பர்கள் மசூலிப்பட்டினப் பக்கத்துச் சீட்டித்துணியை அனுப்பினர். தேம்ஸ் கரையில் இருந்த அவரது வீட்டுப் படுக்கையறைக்காக வந்த அத்துணியை 1775இல் சுங்க அதிகாரிகள் கைப்பற்றினர். காரிக் மேலிடத்துக்கு மடல் எழுதி, மனைவியின் கண்ணீரைச் சொல்லி முறையிட்டார். கட்டிலும் திரைகளும் இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. துணியின் உரிமையாளர் பெயர் தெரியும். கட்டில் செய்தவர் சிப்பெண்டேல் என்பதும் தெரியும். மரத்தையும் பூவையும் எழுதியவர் பெயரை அறிய வழியில்லை. 1913இல் வனெஸ்ஸாவின் நண்பர் ரோஜர் ஃப்ரை தொடங்கிய ஒமேகா பட்டறையில் கலைஞர்கள் தம் பெயரைத் துறந்து பொதுக் குறி ஒன்றையே பொருள்களில் இட்டனர். பெயர் உள்ளவர்க்கு அது துறவு.

1960களில் அமெரிக்க, ஐரோப்பிய இளைஞர்கள் தரைவழியாக இந்தியா வந்து திரும்பிய காலத்தில், மலிவான அச்சுப்பூப் பருத்தி விரிப்புகள் மீண்டும் அங்கே பரவின. மாணவர் அறைகளில் அவை சுவரில் தொங்கின, சன்னலை மறைத்தன, பாவாடையாகவும் தைக்கப்பட்டன. இன்றைய போஹோ விரிப்பு நேரே அதன் பிள்ளை. இன்று உலகக் கடைகளுக்குப் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் அனுப்பும் ஊர்களில் கரூரும் ஒன்று என்பது பலர் அறிந்ததே.

அறை முடிந்ததும் அண்ணன் மகள் படங்கள் அனுப்பினாள். நன்றாகவே இருந்தது. நான் சொன்ன பரதேசிக் கதை பிடித்துப்போய், படத்தொகுப்புக்குப் ‘பரதேசி அறை’ என்று பெயரிட்டிருந்தாள். ஒரு வாரம் கழித்து மறுபடி அழைத்தாள். இணையத்தில் வாங்கிய அந்தச் சிவப்பு விரிப்பு, முதல் சலவையிலேயே சாயம் ஓடி, உடன் துவைத்த வெள்ளைத் தலையணை உறைகளையெல்லாம் இளஞ்சிவப்பாக்கிவிட்டதாம். “நீங்க சொன்ன அந்தக் கடுக்காய், படிகாரம் எல்லாம் இப்போ போட்டா நிக்குமா சித்தப்பா?”

எழுதுவதற்கு முன்பே இடவேண்டியவை அவை, இனிமேல் பயனில்லை என்றேன். அவள் அம்மா உப்பு நீரில் ஊறவைக்கச் சொன்னார்கள். ஊறிக்கொண்டிருக்கிறது.